சித்திர மாஸ்ரர்களின் யாழ்ப்பாணம்

1987ஆம் ஆண்டை யாழ்ப்பாணத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். மே மாதக் கடைசியில் வடமராட்சியில் இராணுவத்தின் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. யூலை 29இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒக்டோபரில், அமைதி காக்க வந்த இந்தியப் படையோடு குடாநாட்டின் ஒழுங்கைகளுக்குள்ளேயே சண்டை மூண்டது. அதே ஆண்டில்தான் 'தேடலும் படைப்புலகமும்' என்றொரு நூல் வெளிவந்தது. அரசியல் தலைவருக்கோ போராளிக்கோ எடுத்த மலரல்ல அது. குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு என்ற ஓவியரைச் சிறப்பிக்க எடுத்தது. தொழிலால் அவர் பாடசாலையில் சித்திரம் படிப்பித்த ஆசிரியர். அப்போது உயிரோடும் இருந்தார். இறந்த பிறகுதான் மாலை என்ற நம் பொதுவழக்கத்துக்கு அது ஒரு விலக்கு.

செல்வந்தர்களும் விலைகொடுத்து வாங்குவோரும் காட்சிக்கூடங்களும் சேர்ந்தே ஓர் ஊரின் ஓவிய வரலாற்றை எழுதுவதுதான் வழமை. சென்னைக்கு எழும்பூரில் கலைக்கல்லூரி இருந்தது. பிறகு சோழமண்டல ஓவியர் கிராமம் வந்தது. கொழும்புக்கு, ஓவியர்களைத் தன் வீட்டில் கூட்டிவைத்த லயனல் வென்ற் இருந்தார். படம் வாங்கச் சில வீடுகளும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் படம் வாங்குகிறவர் என்றொரு இனமே கிடையாது என்று சொன்னால் பெரிய பிழை வராது. சீதனத்துக்குக் காணி வாங்கினார்கள், நகை வாங்கினார்கள், பிள்ளையை டொக்டராக்க ரியூசனுக்குக் காசு கட்டினார்கள். சுவரில் தொங்கியவை இரண்டே வகை: சாமிப்படம், இல்லையென்றால் செத்துப்போன தாத்தாவின் படம். அப்படிப்பட்ட ஊரில் நவீன ஓவியம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் வந்திருக்கிறதென்றால், அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலைபார்த்த சித்திர மாஸ்ரர்கள்தான்.

இதனால் இந்த மாஸ்ரர்களுக்கு முன்னர் இங்கே கைத்திறன் இல்லையென்று ஆகிவிடாது. கைத்திறனுக்கு எந்நாளும் பஞ்சமில்லை. நல்லூர்க் கந்தனின் திருவிழா இருபத்தைந்து நாள். அதில் இருபத்துநான்காம் நாள் தேர், அதற்கு முதல்நாள் சப்பறம். குடாநாட்டில் பெயர்பெற்ற கோயில் ஒவ்வொன்றுக்கும் தேர், தேரை நிறுத்தத் தேர்முட்டி, சுவாமி எழுந்தருள மயிலும் இடபமும் சிங்கமும் குதிரையுமாக வாகனங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். இத்தனையையும் செதுக்கி, வச்சிரம் தடவி, வர்ணம் தீட்டிய சிற்பாசாரிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தார்கள். கத்தோலிக்கக் கோயில்களுக்குச் சுரூபங்கள் வேண்டியிருந்தன. இசைநாடகக் குழுக்களுக்கு அரண்மனையும் சுடலையும் நந்தவனமும் எழுதிய சீன்கள் வேண்டியிருந்தன, காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நிற்கும்போது அவருக்குப் பின்னால் ஒரு மயானம் இருக்கத்தானே வேண்டும்! இந்த வேலைகளுக்கெல்லாம் கூலி கொடுக்கக் கோயிலும் கொட்டகையும் இருந்தன. பெயர் மட்டும் யாரும் எழுதவில்லை. தேர் உபயகாரரின் பெயரால் அறியப்படும். செதுக்கியவர் இன்னார் என்பது அடுத்த தேருக்கு ஆள் தேடுபவருக்குத்தான் தெரியும்.

ஒருவர் தன் பெயரை மூலையில் எழுதி, எந்தச் சாமிக்கும் எந்த நாடகத்துக்கும் உதவாத ஒரு படத்தை வரைவது புதிய பழக்கம். அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்து வாசலால் உள்ளே வந்தது.

1920களில் இலங்கைக் கல்வித் திணைக்களத்தில் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர் சார்ள்ஸ் ஃபிறீகுறோவ் வின்சர். ஐரோப்பாவில் பயின்ற ஓவியர். அதற்கு முன்னர் சித்திரப் பாடம் என்றால் மேசையில் வைத்த கூம்பையும் உருளையையும் பார்த்து நிழல்தட்டுவது, அச்சுப் படத்தைப் பார்த்துப் பிசகாமல் பிரதி எடுப்பது. பிள்ளை தன் கண்ணால் கண்டதை, தன் ஊரில் இருப்பதை வரையட்டும் என்ற கட்சி வின்சருடையது. கொழும்பில் ஜோர்ஜ் கீற் போன்ற இளம் ஓவியர்களை ஊக்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய துறையின் கீழ் வடக்கில் சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர் எஸ். ஆர். கனகசபை.

வித்தியாதரிசி என்றால் அந்தக் காலத்து ஆசிரியர்களுக்குக் குலைநடுக்கம். கனகசபையோ தான் மேற்பார்வை செய்யவேண்டிய ஆசிரியர்களைக் கூட்டிவைத்துப் படம் வரையத் தொடங்கினார். 1938இல் அவர் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்த அமைப்புக்கு வின்சர் சித்திரக் கழகம் என்று பெயர். (யாழ் நகரத்தின் வின்சர் தியேட்டருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) உறுப்பினர்களில் பலர் சித்திர ஆசிரியர்கள். க. இராசரத்தினம், எம். எஸ். கந்தையா போன்றவர்களின் பெயர்கள் அந்தக் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. சேர்ந்து வரைந்தார்கள், ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தார், கண்காட்சியும் வைத்தார்கள். உருவப்படங்கள், நிலக்காட்சிகள், அன்றாட வாழ்க்கை: இவைதான் பெரும்பாலும் அவர்களுடைய விடயங்கள். கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாக வரையும் பாணி அது. இன்றைய கண்ணுக்கு அடக்கமாகத் தோன்றலாம். ஆனால் பனங்கூடலும் கடற்கரையும் கிணற்றடியும் சட்டத்துக்குள் வரத் தகுதியானவை என்று அந்த ஊருக்கு முதலில் சொன்னவர்கள் இவர்களே.

ஆண்டுக் கணக்கை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இலங்கையின் நவீன ஓவியம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் '43 குழு'வில்தான் தொடங்குவார்கள். லயனல் வென்ற் வீட்டில் 1943 ஓகஸ்டில் கூடிய அந்தக் குழுவில் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் இருந்தார்கள். அவர்களின் சாதனை பெரிது. அதைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்னரே வடக்கில் ஓர் ஓவியர் கழகம் இயங்கிக்கொண்டிருந்தது என்பது அந்த வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகக்கூட அரிதாகவே வரும். 43 குழுவின் படங்களை வாங்க ஆளிருந்தது, சேர்த்துவைக்க இடமிருந்தது, பின்னாளில் கொழும்பில் சப்புமல் பவுண்டேசன் என்று ஒரு வீடே அதற்காக நின்றது. வின்சர் கழகத்தார் ஓய்வூதியத்தோடு வீடு திரும்பினார்கள். படங்கள் பிள்ளைகள் வீட்டுச் சுவர்களுக்குப் போயின. சுவர்கள் பின்னர் போருக்குப் போயின.

மாற்கு 1933இல் குருநகரில் பிறந்தவர். கடலை நம்பிய கத்தோலிக்கச் சமூகம். வலையும் வள்ளமும் யாகப்பர் கோயிலும் அதன் மூன்று தூண்கள். அங்கிருந்து கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரிக்குப் போய் டேவிட் பெயின்ரரிடம் பயின்றார். பெயின்ரர் கண்டி திருத்துவக் கல்லூரித் தேவாலயத்தில் இலங்கை முகங்களோடும் இலங்கைக் காட்டோடும் விவிலியக் காட்சிகளைச் சுவரில் எழுதியவர். அவரிடம் படித்துவிட்டு ஊருக்கு வந்தவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, 1950களின் இறுதியில் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கியது. கழகத்தின் பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. ஓவியம் முழுநேரத் தொழிலல்ல, தவணை முடிந்தபின் செய்வது. ஆசிரியர்களுக்கு லீவு விட்டால் தூரிகைக்கு வேலை.

மாற்கு தன் முன்னோடிகளிடமிருந்து ஓரிடத்தில் தெளிவாக விலகினார். கண்டதைக் கண்டபடி வரைவதில் அவருக்கு ஆர்வம் கொஞ்சமே. உருவத்தை உடைத்தார், நீட்டினார், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிக்காசோவும் கனவடிவவாதமும் அவருக்கு அந்நியமானவை அல்ல; அதேவேளை கோயில் சிற்பத்தின் உடல்வாகும் அவர் கோட்டுக்குள் இருக்கிறது. நெய்வண்ணம், நீர்வண்ணம், பாஸ்ரல், மை, சிற்பம் என்று கைக்கு வந்ததையெல்லாம் தொட்டுப்பார்த்தார். இதைச் சோதனை மனப்பான்மை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வசதி. கொழும்பிலிருந்து நல்ல வர்ணமும் கன்வஸும் எடுப்பிப்பது ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எப்போதும் கட்டுப்படியானதல்ல. கிடைக்கும் தாளும் கிடைக்கும் வர்ணமும் எந்தப் படம் வரும் என்பதைப் பாதி தீர்மானித்தன. மீதியைத்தான் மாற்கு தீர்மானித்தார்.

இவரது படத்துக்கு முன்னால் நின்று 'இது என்ன மாஸ்ரர்?' என்று கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். விளங்காத கவிதையையும் விளங்காத படத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பது யாழ்ப்பாணத்து இயல்பு. பிளேட்டோவைப் பிழைதிருத்தக்கூடிய பண்டிதர்கள் நிறைந்த ஊர் அது. அவருக்குக் கைகொடுத்தவர்கள் இலக்கியக்காரர்கள். குருநகரிலேயே பிறந்த கவிஞர் அ. யேசுராசா 1975 முதல் 1990 வரை 'அலை' என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தவர். நல்ல சினிமாவையும் நல்ல ஓவியத்தையும் இலக்கியத்துக்குச் சமமாக மதிக்கவேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற இதழ் அது. 1987 மலரை உருவாக்கியவர்களும் அந்த வட்டத்தார்தாம். இலக்கியச் சிற்றிதழ் வட்டம் ஓவியருக்கு வாசகர்களைத் தேடிக்கொடுத்தது. பதிலுக்கு ஓவியர்கள் அவர்களுடைய நூல்களுக்கு முகம் கொடுத்தார்கள்.

அந்தக் கொடுக்கல்வாங்கல் தனியே ஒரு கதை. யாழ்ப்பாணத்தின் உண்மையான காட்சிக்கூடம் புத்தக அட்டைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கையால் கோத்த ஈயஎழுத்து அச்சகங்கள் பட்டினத்தில் தெருவுக்குத் தெரு இருந்த காலம். டொமினிக் ஜீவா 1966இல் கஸ்தூரியார் வீதியில் தன் சலூனிலிருந்தே 'மல்லிகை'யைத் தொடங்கி நடத்தினார். அப்படி வந்த இதழ்களும் நூல்களும் நூற்றுக்கணக்கு. அட்டைக்கு இரண்டு நிறம் கிடைத்தால் ஆடம்பரம். இந்த நெருக்கடிக்குள் வேலைசெய்து பெயரெடுத்தவர் ரமணி என்று அறியப்பட்ட வை. சிவசுப்பிரமணியம். தலைப்பின் எழுத்தையே படமாக்கும் கை அவருடையது. ஈழத்துக் கவிதை, சிறுகதை, நாவல் வாசித்து வளர்ந்த தலைமுறைக்கு ரமணியின் அட்டை தெரியும். பலருக்கு அது ஓவியம் என்று உறைத்ததே இல்லை.

கோட்டின் பலத்தால் ஊரையே சிரிக்கவைத்தவர் கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம். கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனவர், கேலிச்சித்திரக்காரராகத் திரும்பினார். தினகரனில் வந்த 'சவாரித்தம்பர்' மாட்டுவண்டிச் சவாரிக்குப் பெயர்போன குடாநாட்டுக் கிராமத்தானை அப்படியே தாளில் இறக்கியது. 1960களின் முற்பகுதியில் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் குடிவந்த 'சிரித்திரன்' இதழில் மைனர் மச்சானும் மிஸிஸ் டாமோடிரானும் உலாவினார்கள். யாழ்ப்பாணத்து மேட்டிமையை, சீதனப் பித்தை, ஆங்கில மோகத்தை இத்தனை கூராக வேறெந்த ஊடகமும் தொடவில்லை. கட்டடக்காரரின் கண் அவரை விட்டுப் போகவுமில்லை: நாலு கோட்டில் ஒரு தலைவாசல், இரண்டு கோட்டில் ஒரு சாய்மனைக் கதிரை. 1996இல் அவர் காலமானார். கேலிச்சித்திரத்தைக் கலை வரலாற்றில் சேர்ப்பதா என்று இன்னமும் தயங்குகிறவர்கள் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

அளவில் இன்னும் சிறிய ஊடகம் தபால் முத்திரை. அச்சுவேலி ஆசை இராசையா யதார்த்தப் பாணியில் தேர்ந்தவர். இலங்கைத் தபால் திணைக்களத்துக்கு முத்திரைகள் வடிவமைத்திருக்கிறார். உருவப்படத்தில் அவருடைய கை அசாத்தியமானது. மாற்குவின் வழியிலிருந்து முற்றிலும் வேறான வழி அவருடையது. வின்சர் கழகத்தின் பழைய நேர்மையை நுணுக்கத்தின் எல்லைவரை கொண்டுபோனவர் எனலாம். இவரும் ஆசிரியர்தான், பிற்காலத்தில் மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் மாணவர்களுக்குப் படிப்பித்தார். 2020இல் மறைந்தார்.

அளவில் மிகப் பெரிய ஊடகமோ றோட்டில் நின்றது. ராஜா, ராணி, மனோகரா, வெலிங்டன், லிடோ, றீகல் என்று தியேட்டர்கள் செழித்த 1960களிலும் 70களிலும் புதுப்படம் வந்தால் வாசலில் கட்டவுட் எழும். சிறு விளம்பரப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சீலையில் பல மடங்கு பெருப்பித்து எழுதும் வேலை. எம்.ஜி.ஆரின் கன்னத்து ரோஜாநிறம் தவறினால் ரசிகர்கள் விடமாட்டார்கள். அந்தக் கலைஞர்களின் வேலை அடுத்த படம் வந்ததும் வெள்ளையடிக்கப்பட்டுவிடும். பத்திரப்படுத்த ஒன்றும் மிஞ்சாத தொழில்.

இழப்பு என்ற சொல் இங்கே தவிர்க்க முடியாமல் வருகிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு எழுந்தார்கள். 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சில் சிதைந்து, உள்ளே இருந்தவர்கள் பலியானார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய்ப் பாதையையும் நோக்கி நகர்ந்தது. பல இலட்சம் பேர், மழை, இரண்டே றோட்டு. அந்த இரவில் யார் ஓவியத்தைச் சுமப்பார்கள்? அடையாள அட்டையும் காணி உறுதியும் நகையும் கொஞ்ச அரிசியும்தான் கையில். மாற்குவும் இடம்பெயர்ந்தார். போருக்கும் இடப்பெயர்வுகளுக்கும் அவருடைய வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி பலியானது. 2000இல் அவர் இறந்தபோது மிஞ்சியிருந்தவை வெகு சில. 1987 மலரில் அச்சான படங்கள் அதனால்தான் இன்று இன்னொரு பெறுமதி பெற்றுவிட்டன: மூலம் போய்ப் பிரதி மட்டும் நிற்கும் இடங்களில் அந்த மங்கல் கறுப்புவெள்ளை அச்சே சாட்சி.

ஆனால் படிப்பித்தது எரியாது. பொருளாதாரத் தடை இறுகியிருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெய் அரிதாகி, ஜாம் போத்தல் விளக்கில் ஊரே படித்த காலத்தில், பத்திரிகைகள் கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான நாட்களிலும், மாற்கு மாஸ்ரரிடம் இளையவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெண்கள் குறிப்பிடத்தக்க தொகையினர். கோலமும் தையலும் பெண்ணுக்கு, ஓவியம் ஆணுக்கு என்றிருந்த ஊரில் இது சாதாரண விடயமல்ல. பின்னர் மட்டக்களப்பில் பெண்களின் உடலையும் போரின் வடுவையும் வரைந்த வாசுகி ஜெயசங்கர் அந்த வழி வந்தவர். தா. சனாதனனும் மாற்குவின் வழி வந்தவரே.

1969இல் பிறந்த சனாதனன் டில்லியில் ஓவியம் படித்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி ஆசிரியரானார். வண்ணமும் தூரிகையும் தெரிந்த கை. ஆனால் அவரை உலகறியச் செய்த வேலைகளில் அவருடைய தூரிகைக்குப் பங்கு குறைவு. 2004இல், திருத்திக் கட்டப்பட்ட பொதுநூலகத்தில் 'அகம் புறம்' என்றொரு கண்காட்சி நடந்தது. யுத்தநிறுத்தக் காலம். ஏ9 பாதை திறந்து, தெற்கிலிருந்தும் கலைஞர்கள் வந்திருந்தார்கள். சனாதனன் குடாநாட்டு வீடுகளில் ஏறி இறங்கி, போர்க்காலத்தின் நினைவாக மக்கள் வைத்திருந்த சின்னஞ்சிறு பொருட்களைக் கேட்டுவாங்கினார். அவற்றைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, ஏறத்தாழ 500 போத்தல்களை நூலக அலுமாரித் தட்டுகளில் நூல்களைப் போல அடுக்கினார். 'வரலாறுகளின் வரலாறு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு.

எரிந்த நூல்கள் இருந்த கட்டடத்தில் நூல்களுக்குப் பதில் போத்தல்கள். இதன் குறியீட்டை விளக்க யாழ்ப்பாணத்தில் ஒரு விமர்சகரும் தேவைப்பட்டிருக்கமாட்டார். ஜாம் போத்தலில் விளக்கெரித்த சனம் போத்தலை வெறும் போத்தலாகப் பார்க்காது. மாற்குவின் படத்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அதே ஊர், இங்கே தட்டுத்தட்டாகத் தன் பொருளைத் தேடியது. நவீன கலை மக்களுக்கு விளங்காது என்ற பழைய முறைப்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான மறுமொழி வந்ததில்லை. படைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது: ஐந்நூறு வீடு சேர்ந்து செய்ததில் கலைஞருக்குரிய பங்கு கேட்டதும் அடுக்கியதும்தான். தேர் செதுக்கிய சிற்பாசாரிக்குப் பெயரில்லை. இங்கே பெயருள்ள கலைஞர் தன் கையை விலக்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டுகளில் ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முகனட் காதர் ஆகியோரோடு சேர்ந்து சனாதனன் செய்த சித்திரப் பரிமாற்றமும் சொல்லத்தக்கது. ஒருவர் வரைந்து தபாலில் அனுப்ப, அதைப் பார்த்து மற்றவர் பதில் வரைவது. 2005இல் தொடங்கி 2007வரை ஓடியது. இடையில் 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டப்பட்டது, போர் திரும்பியது. குடாநாடு தீவாகிப்போன நாட்களிலும் கோடுகள் போய்வந்தன. மொத்தம் 208 சித்திரங்கள், 2008இல் ஷர்மினி பெரேராவின் 'றேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் ஒரே நூலாக்கியது.

அதே பதிப்பகம் 2011இல் கொண்டுவந்த 'முற்றுப்பெறாத தோம்பு'தான் இந்த வரிசையில் ஆகப் பெரியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாருக்கு எவ்வளவு காணி, என்ன மரம், எவ்வளவு இறை என்று எழுதிவைத்த பதிவேடு தோம்பு. யாழ்ப்பாணத்தானுக்குக் காணியும் உறுதியும் எப்படிப்பட்டவை என்று விளக்கவேண்டியதில்லை. எல்லைக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததற்குத் தலைமுறை கடந்து வழக்காடிய ஊர். சனாதனன், வடக்கில் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், போன வீட்டை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். வரையத் தெரியாத கைகள் பேனையால் அறையும் விறாந்தையும் கிணறும் மரமும் கீறின. அதை ஒரு கட்டடக் கலைஞர் முறையான வரைபடமாக்கினார். பிறகு சனாதனன் தன் பாஸ்ரல் சித்திரத்தைச் சேர்த்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் சில வரிகளில் அவரவர் கதை. எல்லாவற்றையும் கச்சேரியில் கிடக்கும் அரசாங்கக் கோப்புப் போலவே கட்டினார்கள்.

புத்தகத்தைப் புரட்டும்போது உறைப்பது அந்த மூன்று கோடுகளுக்கும் இடையிலான தூரம். உரிமையாளரின் கோடு நடுங்கும், அளவு பிசகும், ஆனால் எந்த மூலையில் எது நின்றது என்று அதற்குத் தெரியும். கட்டடக் கலைஞரின் கோடு நேர். அது வீட்டை மீண்டும் கட்டக்கூடியதாக்குகிறது, கூடவே யாருடையதோ ஆக்கிவிடுகிறது. ஓவியரின் பாஸ்ரலோ வீட்டைக் கட்ட முயலவே இல்லை. வின்சர் காலத்துச் சித்திரப் பாடத்தில் கேட்ட அதே வேலைதான்: கண்டதை வரை. இம்முறை கண்டது கண்முன்னால் இல்லை, அவ்வளவே வித்தியாசம். அரச அலுவலகங்களில் நட்டஈட்டுப் படிவத்தோடு அலைந்த சனத்துக்கு, அளவுப் பிழையோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரேயொரு கோப்பு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

சனாதனனுக்குப் பின்வந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அவர்களுக்குப் படிப்பிக்கப் பல்கலைக்கழகத் துறையே இருந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, அடுத்த ஆண்டு மருதனார்மடம் இராமநாதன் இசைக் கழகம் அதனோடு இணைந்தபோது நினைப்பெல்லாம் பாட்டிலும் பரதத்திலும்தான். சித்திரமும் வடிவமைப்பும் கலை வரலாறும் வந்துசேரக் காலமெடுத்தது. கவிஞர் பா. அகிலன் போன்றவர்கள் கலை வரலாற்றை எழுத்தாகவும் பாடமாகவும் வளர்த்தார்கள். மரபுரிமை என்பது கோயிலும் கோட்டையும் மட்டுமல்ல, நாற்சார வீடும் தேரும் சப்பறமும் அதற்குள் அடங்கும் என்று அகிலன் எழுதினார். 2013இல் ஷர்மினி பெரேரா இலங்கைச் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகியவற்றுக்கான ஆவணக் காப்பகத்தைக் கொழும்பில் திறக்காமல் யாழ்ப்பாணத்தில் திறந்தார். ஆவணம் என்றால் இங்கே எல்லோருக்கும் நெஞ்சு ஒருமுறை அடிக்கும் என்பதை அவர் அறிந்தே செய்திருக்கவேண்டும்.

இந்தத் தலைமுறையில் ஜஸ்மின் நிலானி ஜோசப் வரைவது வேலிகள். மெல்லிய பேனை மைக்கோடுகள், ஆயிரக்கணக்கில், கிட்டப் போனால் மட்டும் தெரிபவை. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கிளுவைக் கதியாலும் முட்கம்பியும் தகரமும். யாழ்ப்பாணத்தின் வேலி ஒருகாலத்தில் அயலவனுக்கு எதிராகக் கட்டியது. சாதிக்கும் காணிக்கும் பெண்ணின் மறைவுக்கும் காவல். ஆண்டுதோறும் அடைத்துப் புதுப்பிப்பார்கள், பொட்டு வைத்து அடுத்த வீட்டோடு கதைக்கவும் செய்வார்கள். இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பியில் பொட்டு வைக்க முடியாது. 1990இல் பிறந்தவருக்கு வேலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த முட்கம்பியாகத்தான் இருக்கும். எஸ். ஆர். கனகசபையின் கழகத்தார் இதே வேலிகளை நிலக்காட்சியின் ஓரத்தில் அழகுக்காக வரைந்திருப்பார்கள். இப்போது அதுவே படம் முழுவதையும் அடைத்து நிற்கிறது.

இன்று இவர்களின் படைப்புகள் கொழும்புக் காட்சிக்கூடங்களில் தொங்குகின்றன. 2019 டிசம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகமும் திறந்தது. அதன் பொறுப்பிலும் ஷர்மினி பெரேராவே இருந்தார். யாழ்ப்பாணத்தில், பொதுநூலகத்துக்குப் பக்கத்திலேயே இந்திய உதவியில் எழுந்த கலாசார மையம் 2023 பெப்ரவரியில் முறைப்படி கையளிக்கப்பட்டு, 2025இல் திருவள்ளுவர் பெயரும் சூட்டப்பெற்றது. மேடை பெரிது, கட்டடம் உயரம். நடனமும் இசையும் பட்டிமன்றமும் அதை நிறைக்கும். ஓவியத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று மாணவர்களிடம்தான் கேட்கவேண்டும். படம் வாங்குகிறவர் என்ற இனம் குடாநாட்டில் இன்னமும் பெருகவில்லை. வெளிநாட்டுக் காசில் எழும் புது வீடுகளின் சுவருக்கு அச்சடித்த நீர்வீழ்ச்சியே போதுமாக இருக்கிறது.

மருதனார்மடத்தில் பட்டம் முடித்து வெளியேறுகிறவர்களில் ஓரிருவர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் கண்காட்சி வைக்கிறார்கள். மற்றவர்கள் கல்வித் திணைக்களத்தின் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நியமனம் பெரும்பாலும் தூரத்துப் பாடசாலைக்குத்தான் வரும், சித்திரப் பாடத்துக்கு.